ஒண்ணுதான் என்றான் தம்பி: பார்ப்பதா, கேட்பதா, வாசிப்பதா?

போன மாதக் கடைசியில் கொழும்பிலிருந்து தம்பி கோல் எடுத்தான். வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். சம்பளம் கொஞ்சம் கூடியிருக்கிறதாம். "அக்கா, ஞாயித்துக்கிழமையில நீயும் அம்மாவும் மூஞ்சிய மூஞ்சிய பாத்துக்கிட்டு சும்மா உக்காந்திருக்கீங்க. பொழுதுபோக்க ஏதாவது ஒண்ணு சொல்லு, காசு நான் போடுறேன். ஒண்ணுதான். ரெண்டு கேட்டா போனை வச்சிருவேன்" என்றான்.

சும்மா என்ற சொல்லில் எனக்குக் கொஞ்சம் கோபம். ஆறு நாள் துணியும் ஞாயிற்றுக்கிழமைதான் தண்ணீர்ப் பீலிக்குப் போகிறது. விறகு பிளப்பது, அரிசி புடைப்பது, கிழமைக்குத் தேவையான கொச்சிக்காய்த்தூள் இடிப்பது எல்லாம் அன்றைக்குத்தான். ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணி நேரம் மிஞ்சும் என்பது உண்மை. அந்த மூன்று மணி நேரத்தை நாங்கள் வீணாக்குகிறோம் என்பதும் உண்மைதான்.

என் மனதில் மூன்று இருந்தன. படம் பார்க்கிற ஆப் ஒன்றுக்கு மாதச் சந்தா, கூடவே அதற்கு வேண்டிய டேட்டா. இல்லாவிட்டால் மெமரி கார்ட் போடக்கூடிய, ரேடியோவும் எடுக்கிற சின்ன ஸ்பீக்கர் ஒன்று. பொட்காஸ்ட், கதை, பேச்சு என்று போட்டுக் கேட்கலாம். அதுவும் இல்லாவிட்டால் மாதம் இரண்டு புத்தகம். நான் ஹட்டனில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவள். இரண்டு பில்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அதனால் தம்பியிடம் மூன்று ஞாயிறு தவணை கேட்டேன். "வங்கி லோனா எடுக்கிற?" என்று சிரித்தான். சரி, சிரிக்கட்டும்.

எங்கள் நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் வந்து சேர்ந்த முடிவு உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். நோர்வூட் பக்கம், பஸ் ரோட்டிலிருந்து தேயிலைக்குள் ஏறிப் போகிற தோட்டம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கிற லயத்தில் கடைசி வீடு. அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். கையெழுத்துப் போடுவார், வாசிப்பு எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான். ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, மற்றக் கண் காத்திருக்கிறது. எங்கள் லயத்துக்கும் டவருக்கும் நடுவில் ஒரு மலை நிற்கிறது. இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், சிக்னல் ஒரு கோடு, மாரியம்மன் கோயில் படியில் மூன்று கோடு. பொழுது சாய்ந்தால் பத்துப் பதினைந்து பிள்ளைகள் கோயில் படியில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக வந்த பூசாரி முதல் கிழமை அதைப் பக்தி என்று நினைத்துவிட்டார்.

முதல் ஞாயிறு படத்துக்கு. கடையில் கூட வேலை செய்கிற பிள்ளையிடம் சந்தா இருந்தது. ஒரு கிழமைக்கு அவளுடைய கணக்கைத் தந்தாள். டேட்டாவைத்தான் முதலில் பார்த்தேன். நெட்பிளிக்ஸ் சொல்கிற கணக்கின்படி, தரத்தைக் குறைத்து வைத்தால் மணிக்குச் சுமார் 0.3 ஜிகாபைட், நடுத்தரத்தில் 0.7, துல்லியமான படமாகப் பார்த்தால் 3 ஜிகாபைட் வரைக்கும் போகும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்தை நடுத்தரத்தில் பார்த்தால் ஒன்றே முக்கால் ஜிகாபைட். மாதம் நாலு படம் என்றால் ஏழு. எங்கள் ரீலோட் கணக்கில் ஏழு ஜிகாபைட் சின்ன எண் இல்லை. சனிக்கிழமை கடை வைஃபையில் டவுன்லோட் செய்துகொண்டேன். முதலாளி இதை வாசிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

படம் தொடங்கிப் பதினைந்தாவது நிமிஷம் அம்மா தூங்கிவிட்டார். உள்ளங்கை அகலத் திரை, ஒற்றைக் கண். தூங்காமல் என்ன செய்வார்? ஆனால் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள், பிள்ளைகளைத் தேடி அவர்களுடைய அம்மா வந்தார். கடைசியில் ஒரு போனைச் சுற்றி ஏழு பேர். கதாநாயகனுக்கு யோசனை சொல்வதும் வில்லனைத் திட்டுவதும் பாட்டு வந்தால் தேத்தண்ணி ஊற்றப் போவதுமாக ஒரே கலகலப்பு. மாசி மாதத்தில் விடிய விடிய நடக்கிற காமன் கூத்தை நாங்கள் இப்படித்தான் பார்ப்போம், வாயை மூடிக்கொண்டு பார்த்ததே இல்லை. படத்தை விட அந்த ஏழு பேர்தான் எனக்குப் பிடித்தது. ஆனால் ஏழு பேருக்கு ஆறு அங்குலத் திரை எதற்கு? அதற்குத்தான் லயத்துக் கூரையெல்லாம் டிஷ் இருக்கிறதே.

இலங்கைக்கு ரூபவாஹினி என்ற அரச தொலைக்காட்சி வந்தது 1982இல். அதன் முக்கிய ஒளிபரப்புக் கோபுரம் எங்கள் நுவரெலியாவுக்கு மேலே, 2,524 மீட்டர் உயரப் பிதுருதலாகலையில்தான். நாட்டுக்கே படம் காட்டிய கோபுரம் எங்கள் மலையில் இருந்தும் எங்கள் லயத்தில் டிவி வர வருஷக்கணக்கானது. அதுவரைக்கும் கணக்கப்பிள்ளை வீட்டு ஜன்னல்தான் என்று அம்மா சொல்வார். ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்று பார்த்தவருக்குத் தனியாக உட்கார்ந்து பார்ப்பதில் என்ன ருசி இருக்கும்?

இன்னொன்று. டவுன்லோட் செய்த படம் முடிந்ததும் போனை அப்படியே வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். ஆப் என்னைக் கேட்காமல் ஏதோ தொடர் ஒன்றைத் தானாக ஓட விட்டிருக்கிறது. ஒரு கோடு சிக்னலிலும் எப்படியோ இழுத்து, இருந்த டேட்டாவைத் துடைத்துவிட்டது. சந்தா எடுக்கிறவர்கள் முதல் வேலையாகச் செட்டிங்கில் போய், தானாக அடுத்தது ஓடுவதையும் முன்னோட்டம் ஓடுவதையும் நிறுத்திவிடுங்கள். படம் பற்றி இவ்வளவு போதும்.

இரண்டாவது ஞாயிற்றுக்கு நான் ஞாயிறு வரைக்கும் காத்திருக்கவில்லை. கேட்பதன் விசேஷமே அதுதான். திங்கட்கிழமையே தொடங்கிவிடலாம்.

காலையில் ஹட்டன் போகிற பஸ் முக்கால் மணி நேரம். காசல்ரீ நீர்த்தேக்கத்தின் ஓரமாக வளைந்து வளைந்து போகும். அந்த வளைவில் புத்தகம் விரித்தால் டிக்கோயாவுக்கு முன்னாலேயே வயிற்றைப் பிரட்டும். போனில் வாசித்தாலும் அதே கதிதான். படம் பார்க்கலாம் என்றால் பக்கத்து சீட்டு ஐயாவும் சேர்ந்து பார்ப்பார். காதில் மட்டும் போட்டுக்கொண்டால் கண்ணுக்கு வெளியே தண்ணீரும் தேயிலையும், காதுக்குள்ளே கதை. போக வர ஒன்றரை மணி நேரம், ஆறு நாளைக்கு ஒன்பது மணி நேரம். ஞாயிற்றுக்கிழமையின் மூன்று மணி நேரத்துக்காக நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் கிடந்திருக்கிறது!

டேட்டாக் கணக்கு இன்னும் சந்தோஷம் தருகிறது. பேச்சை விநாடிக்கு 64 கிலோபிட் தரத்தில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 29 மெகாபைட். 128 கிலோபிட் என்றாலும் 58 மெகாபைட்டுக்குள்தான். துல்லியமான படம் ஒரு மணி நேரத்தில் தின்கிற டேட்டாவில் ஐம்பது மணி நேரம் பேச்சுக் கேட்கலாம். பொட்காஸ்ட் ஆப்பில் 'வைஃபையில் மட்டும் டவுன்லோட்' என்று வைத்துவிட்டால் சிக்னல் இருந்தால் என்ன, போனால் என்ன. தலவாக்கலைக்குக் கோச்சியில் (ரயிலில்) போகிறவர்களுக்கு இது விளங்கும். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் நேரடியாக ஓடுகிற எதுவும் செத்துவிடும். இறக்கி வைத்தது மட்டும் இருட்டிலும் பேசிக்கொண்டிருக்கும்.

பொட்காஸ்ட் என்ற பேர் 2004இல்தான் வந்தது. பேர்தான் புதிது. 1920களிலேயே கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்காகப் பத்திரிகை நடத்தினார். லயத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள், சொல்ல வேண்டியதைப் பாட்டாகக் கட்டித் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். சட்டம், சம்பளம், உரிமை எல்லாம் காது வழியாகத்தான் எங்கள் மலைக்குள் வந்தன. எழுத்துத் தெரியாததைக் குறையாக மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது புரியாது. அம்மாவுக்குக் காதால் கேட்டது பத்து வருஷம் நிற்கும்.

என்ன கேட்டோம்? ஆஸ்திரேலியாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்பிஎஸ்ஸின் தமிழ்ச் சேவை பொட்காஸ்டாகவும் வருகிறது. பெரும்பாலும் சின்னச் சின்னத் துண்டுகள். இலங்கைத் தமிழும் இந்தியத் தமிழும் ஒரே நிகழ்ச்சியில் கலந்து வருவது எனக்குப் பிடித்திருக்கிறது. பஸ்ஸுக்கு அது நல்ல அளவு. வீட்டுக்கு, தீபிகா அருண் நடத்துகிற கதை ஓசை. பழைய நாவல்களையும் கதைகளையும் நிதானமாக, ஆளுக்கு ஆள் குரல் மாற்றி வாசிக்கிறார். முன்பு வார இதழ்களில் தொடராக வந்த சரித்திர நாவல்கள் இப்படிக் கேட்பதற்கென்றே எழுதின மாதிரி இருக்கின்றன. ஒவ்வொரு அத்தியாயமும் ஆளை அந்தரத்தில் தொங்கவிட்டு முடிகிறது. அம்மா மூன்றாவது அத்தியாயத்துக்குள் அடுத்தது போடு, அடுத்தது போடு என்று தொடங்கிவிட்டார். ஒரு குறையும் சொன்னார்: "நல்லா வாசிக்குது அந்தப் புள்ள. ஆனா நம்ம மாதிரி பேச மாட்டேங்குது."

அதுதான் எனக்கும் உறுத்தல். தேடித் தேடிப் பார்த்தேன். எங்கள் பேச்சில், பெரட்டுக்களம் (காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுகிற இடம்), கொந்தரப்பு (ஒப்பந்த வேலை), அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) என்ற சொற்களோடு கதை சொல்கிற குரல் என் காதில் அதிகம் படவில்லை. இரண்டு ஆண்கள் உட்கார்ந்து ஒருவருடைய நகைச்சுவைக்கு மற்றவர் சிரிக்கிற நிகழ்ச்சிகள் மட்டும் வேண்டிய மட்டும் இருக்கின்றன. தலைப்பில் போட்ட விஷயம் இருபத்து மூன்றாவது நிமிஷத்தில்தான் வரும். அவர்களை ஒன்றேகால் வேகத்தில் ஓட விடுங்கள், ஒன்றும் குறையாது. கதை வாசிக்கிறவர்களை மட்டும் வேகப்படுத்தாதீர்கள்; இழுத்து நிறுத்துகிற இடத்தில்தான் கதை இருக்கிறது.

கேட்பதில் ஒரு கள்ளத்தனமும் உண்டு. கேட்ட மாதிரி இருக்கும், கேட்டிருக்கமாட்டோம். இரவில் இருபது நிமிஷத்துக்கு ஸ்லீப் டைமர் போட்டுப் படுத்தேன். எங்கே தூங்கினேன் என்று அடுத்த நாள் பின்னால் தள்ளித் தள்ளித் தேடவேண்டியிருந்தது. எண்களும் பேர்களும் காதோடு போய்விடுகின்றன. வெள்ளிக்கிழமை ஒரு நிகழ்ச்சியைப் பற்றிக் கடையில் பெரிதாகச் சொல்லத் தொடங்கி, பாதியில் "அவர் பேர் என்னமோ... ஏதோ ஒரு வருஷத்துல..." என்று நின்றுவிட்டேன். கணக்கு எழுதுகிறவளுக்கு அது அவமானம்.

அப்புறம் ரேடியோ. நான் அதை ஒரு தெரிவாகவே நினைக்கவில்லை. அம்மாதான் நடுவில் கொண்டுவந்து வைத்தார். பொட்காஸ்டை நிறுத்திவிட்டு, "இதுல மரண அறிவித்தல் எப்ப வரும்?" என்று கேட்டார். வராது என்றேன். "அப்ப எதுக்கு?" என்றார்.

இலங்கை வானொலி 1925இல் கொழும்பில் தொடங்கியது. 1967இல் கூட்டுத்தாபனம் ஆனது, 1972இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற இன்றைய பேர். மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் என்று அம்மா அறிவிப்பாளர்களைக் குரலால் மட்டும் தெரிந்து வைத்திருக்கிறார், உறவுக்காரர் பேர் மாதிரிச் சொல்வார். தமிழ்நாட்டிலேயே காது கொடுத்துக் கேட்ட வானொலி. அந்தக் காலத்தில் தோட்டத்தில் யார் செத்தாலும், பதுளைப் பக்கம் கட்டிக்கொடுத்த மகளுக்குச் செய்தி போக அதுதான் வழி. இன்றைக்கு வாட்ஸ்அப் இருக்கிறது என்று நான் சொன்னதற்கு, "அது தெரிஞ்சவங்களுக்கு மட்டுந்தானே வரும்" என்றார். சரிதான். நமக்கு வேண்டியதை நாமே தெரிந்தெடுக்கிற இடத்தில், நாம் கேட்காத ஊரின் சாவு எப்படி வந்து சேரும்?

மலையில் இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது, அதுதான் என் தராசைச் சாய்த்தது. கனமழை பிடித்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும். மஞ்சள் என்றால் கவனமாக இரு, செம்மஞ்சள் என்றால் தயாராகு, சிவப்பு என்றால் வெளியேறு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களோடு மண்ணுக்குள் போனவர்களை நினைக்காமல் எங்கள் பக்கம் யாரும் மழைச் சத்தம் கேட்பதில்லை. மழைக்காலத்தில் கரண்ட் போய், டவரும் போய், போனில் சார்ஜும் போன பிறகு மிஞ்சுவது பட்டரி ரேடியோ. 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் எங்கள் லயத்தில் செய்தி தெரிந்த ஒரே ஆள் மூன்றாம் வீட்டுத் தாத்தா. அவரிடம்தான் பழைய ரேடியோ இருந்தது. அவரும் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். தேத்தண்ணி கொண்டுபோனால்தான் செய்தி சொல்வார்.

எஃப்எம் அலை நேர்கோட்டில் போகிறது, மலை குறுக்கே நின்றால் அந்தப் பக்கம் இரைச்சல்தான். ஒரே லயத்தில் முதல் வீட்டில் தெளிவாகக் கேட்பது கடைசி வீட்டில் கேட்காது. சின்ன ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் சார்ஜ் வயரையே அன்டனாவாகப் பாவிப்பார்கள். அந்த வயரைக் கொடிக்கம்பியில் தொங்கவிட்டு அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்தேன். கடையிலிருந்து இரவல் வாங்கி வந்த ஸ்பீக்கர் அது. திருப்பிக் கொடுக்கும்போது வயரில் சவர்க்கார வாசம்.

மூன்றாவது ஞாயிறு வாசிப்பு. இதில் எனக்குப் பக்கச்சார்பு உண்டு. சின்ன வயதிலிருந்து பொட்டலம் கட்டி வந்த பேப்பரைக்கூட விரித்து வாசித்துவிட்டுத்தான் எறிவேன்.

போனில் வாசிப்பதுதான் எல்லாவற்றிலும் மலிவு. ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் போகும். 'கி' என்று எழுதினால் ககரத்துக்கு மூன்று, இகரக் குறிக்கு மூன்று, ஆக ஆறு. அப்படிக் கணக்குப் போட்டாலும் முந்நூறு பக்க நாவல் ஒன்று இரண்டு மெகாபைட்டைத் தாண்டாது. படத்தில் சில விநாடிக்கு ஆகிற டேட்டா. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய இலக்கியம் எழுத்தாகவே கிடைக்கிறது, போன் திரைக்கு அகலம் தானாகச் சரியாகும். இலங்கைப் புத்தகம், சஞ்சிகை என்றால் 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்துக்கு ஈடு கிடையாது. மலையகத்தில் வந்து மறைந்த எத்தனையோ இதழ்களை அங்கேதான் முதலில் கண்ணால் பார்த்தேன். ஒரு தொல்லை: அவை பக்கத்தைப் படம் பிடித்து ஏற்றியவை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். ஒவ்வொரு வரிக்கும் இடம் வலம் தள்ளித் தள்ளி, பத்துப் பக்கத்தில் என் கண்ணும் பெருவிரலும் ஓய்ந்துவிட்டன. கோபித்துக்கொள்ள முடியாது. அந்தப் படம்கூட இல்லாவிட்டால் அந்த இதழ் உலகத்திலேயே இல்லை.

அச்சுப் புத்தகத்துக்கு நகரசபை நூலகத்திலிருந்து தெளிவத்தை ஜோசப்பின் சிறுகதைத் தொகுப்பு ஒன்றை எடுத்து வந்திருந்தேன். தெளிவத்தை என்பது பதுளைப் பக்கத்துத் தோட்டத்தின் பேர். அங்கே படிப்பித்தவர், தோட்டத்தின் பேரைத் தன் பேரோடு சேர்த்துக்கொண்டார். 2013இல் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது கொடுத்தார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு மழை பிடித்தது. நாலு மணி வரைக்கும் நாற்பது பக்கம். இந்த மூன்று ஞாயிற்றிலும் புதன்கிழமை வரைக்கும் என் தலைக்குள் நின்றது அந்த நாற்பது பக்கம்தான். பார்த்த படத்தில் இன்றைக்கு எனக்கு வில்லனின் முகம்கூட நினைவில்லை.

ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் அம்மா இஸ்தோப்பில் தனியாக மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசிப்பின் விலை அதுதான், பில்லில் வராத விலை.

அதனால் நாலு மணிக்குச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். கதையை இல்லை; சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டுப் பாடல்களை. 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர், 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர், லயம் லயமாகப் பாடப்பட்டதை எழுத்தில் பிடித்து வைத்தார். நான் இரண்டு வரி வாசித்ததும் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "அது அப்பிடி இல்ல புள்ள. நாங்க பாடுறது வேற." பாடியும் காட்டினார். வரி வேறு, ராகம் வேறு, நடுவில் ஒரு கங்காணியின் பேர் வேறு. அடுத்ததையும் திருத்தினார். அதற்கடுத்தது புத்தகத்தில் இருப்பதே சரி என்று பெரிய மனதோடு விட்டுக்கொடுத்தார்.

போனை எடுத்து ரெக்கோர்டரைப் போட்டேன். நாலு நிமிஷம், இரண்டு மெகாபைட்கூட இல்லை. தம்பிக்கு அனுப்பினேன். அரை மணி நேரம் பதில் இல்லை. பிறகு ஒரு வரி வந்தது: "பின்னாடி குக்கர் விசில் கேக்குது."

சரி, தீர்ப்புக்கு வருவோம். வீட்டில் பெரிய டிவியும் கேபிள் இன்டர்நெட்டும் பிள்ளைகளும் இருந்தால் படச் சந்தாவை எடுங்கள், யோசிக்க ஒன்றுமில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் புத்தகம். எங்கள் வீட்டில் கண் மூன்று, காது நாலு. ஸ்பீக்கர்தான். சந்தா தம்பி கட்டுகிற வரைக்கும்தான் ஓடும்; அவனுக்கு ஒரு மாதம் சம்பளம் பிந்தினால் எங்கள் ஞாயிறும் நின்றுவிடும். ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு தடவைதான் காசு. 32 ஜிகாபைட் கார்ட் ஒன்றில் 64 கிலோபிட் பேச்சு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

வாங்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில. கார்ட் போடுகிற வாயும் எஃப்எம்மும் இருக்கிறதா என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் உரத்த குத்துப் பாட்டைப் போட்டுக் காட்டுவார். நீங்கள் போனில் ஒரு பேச்சைப் போடச் சொல்லுங்கள். அடித்தொனி கூடின ஸ்பீக்கரில் பாட்டு அதிரும், பேச்சு தலையணைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். பொத்தான்கள் தொட்டுணரக்கூடியதாக, பெரிதாக இருக்கட்டும்; கொழுந்து பறித்துக் காய்த்த விரலுக்குத் தொடுதிரை பிடிபடாது. திறக்கும்போது ஆங்கிலத்தில் கத்துகிற சாமானாக இருந்தால் முதல் நாளே அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள். எங்கள் இரவல் ஸ்பீக்கர் விடியற்காலையில் கத்தியதில் அம்மா விளக்குமாற்றைத் தூக்கிவிட்டார். ஆப்புக்குள் டவுன்லோட் ஆனது சில வேளை கார்ட்டுக்கு மாறாது; நிகழ்ச்சியின் பக்கத்திலிருந்து எம்பி3 கோப்பாக எடுக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

தம்பிக்கு முடிவைச் சொன்னேன். "அப்ப புத்தகம் வேணாமா?" என்று கேட்டான், எனக்கு அதில் ஆசை என்று அவனுக்குத் தெரியும். "நீ மாசத்துக்கு ஒண்ணுன்னுதானே சொன்ன? ஸ்பீக்கர் இந்த மாசத்து ஒண்ணு. புத்தகம் அடுத்த மாசத்து ஒண்ணு" என்றேன். மாசத்துக்கு என்று அவன் சொல்லவே இல்லை என்பது எனக்கும் தெரியும். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நீ கணக்கப்பிள்ளையாவே பொறந்திருக்கணும்" என்று வைத்துவிட்டான்.

ஸ்பீக்கர் போன வியாழக்கிழமை பார்சலில் வந்தது. நீல நிறம். இந்த வாரம் கார்ட்டில் இருப்பது: சரித்திர நாவலில் பதினோராம் அத்தியாயத்திலிருந்து பதினெட்டு வரைக்கும், எனக்கு பஸ்ஸுக்கு எஸ்பிஎஸ் துண்டுகள் ஆறு, அம்மா பாடியது நாலு நிமிஷம். கடைசியாகச் சொன்னதை எஃப்எம் இரைச்சல் பிடிக்கிற நேரத்தில் மூன்றாம் வீட்டுத் தாத்தா வந்து போடச் சொல்கிறார். தேத்தண்ணி இப்போது அவர் கொண்டுவருகிறார்.